பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அன்றைக்கே பேச வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் 'தொழிலாளி மாயம்', 'ஓட்டுநர் மாயம்' என்று ஒற்றைப் பத்திச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் குடும்பச் சண்டை, கடன் தொல்லை, மறதி நோய் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆளும் சில நாளில் திரும்பிவிடுவார். ஆனால் வேலை முடிந்து வெளியே வந்தவரை, சாதாரண உடையில் வந்த நான்கு பேர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைப் பத்துப் பேர் பார்த்திருந்தாலும், செய்தி அதே தலைப்பில், ஜீப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல்தான் வருகிறது. இதில் நிருபரை மட்டும் குறை சொல்ல முடியாது. பார்த்த பத்துப் பேரும் வாயைத் திறக்கவில்லை என்றால் காவல் நிலையம் சொன்னதைத்தான் அவர் எழுதுவார்.

பாலக்காடு, கோவை மாவட்ட எல்லையில் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்தச் சோதனைச் சாவடியில் நின்று பார்த்தாலும், காலையில் கஞ்சிக்கோட்டுக்கும் கோவைக்கும் வேலைக்குப் போகிற தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கடக்கிறார்கள். வீடு ஒரு மாநிலம், வேலை ஒரு மாநிலம். இங்கே ஒருவர் பிடிக்கப்பட்டால் 'எங்களிடம் இல்லை, அந்தப் பக்கம் கேளுங்கள்' என்று இரண்டு பக்கத்துக் காவல் துறையும் சுலபமாகச் சொல்லிவிட முடியும். மனைவிக்கும் தாய்க்கும் விஷயம் தெரியவே ராத்திரி ஆகிவிடும். முதலில் தெரிவது கூட வேலை செய்பவர்களுக்குத்தான். அவர்கள் அன்றைக்கே, எழுத்தில், பெயர் போட்டுப் பேசினார்களா என்பதை வைத்துத்தான் பல வழக்குகளின் போக்கு அமைகிறது. அதை எப்படிச் செய்வது, எங்கே கோட்டை விடுகிறோம் என்று விளக்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

இப்படி ஏதாவது நடந்தால் உடனே யாராவது பெரியவர் வந்து, 'ரெண்டு நாள் பொறுங்கப்பா, விசாரிச்சிட்டு விட்டுருவாங்க, சத்தம் போட்டா கோபம் வந்துரும்' என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டு நாள்தான் ஆபத்தான காலம். அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. பிடித்த நேரம் எங்கேயும் பதிவாகவில்லை என்றால் அந்தக் கடிகாரம் ஓடவே ஓடாது. மூன்றாம் நாள் காலையில்தான் பிடித்தோம் என்று காகிதம் எழுதிக்கொள்ளலாம். நடுவில் லாட்ஜிலோ தோட்டத்து வீட்டிலோ நடந்தது எதுவும் நடக்காததாகிவிடும். அன்றே ஒரு புகார் மனுவோ மின்னஞ்சலோ போயிருந்தால் அப்படி எழுத யோசிப்பார்கள்.

கேரளத்தில் இதற்கு ஒரு வழக்கு சாட்சியாக நிற்கிறது. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த 1976 மார்ச் 1 அதிகாலையில் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. தந்தை ஈச்சர வாரியருக்குப் பதிவுத் தபாலில் தகவல் சொன்னவர் கல்லூரி முதல்வர். அந்த ஆண்டு ஏப்ரலில், நெருக்கடி நிலை இருக்கும்வரை, காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலகியதும், சில நாளிலேயே ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசுத் தரப்பு, அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்று பிரமாண வாக்குமூலம் போட்டது. அதை உடைத்தது விடுதியில் இருந்தவர்களும், ராஜனை வைத்திருந்த கக்கயம் போலீஸ் முகாமில் உடன் அடைபட்டிருந்தவர்களும் சொன்ன சாட்சியம். ஏப்ரல் 13ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அந்த மாதமே கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்தும் அந்த வழக்கு நின்றதென்றால், யார் எப்போது எங்கிருந்து கொண்டுபோனார்கள் என்று சொல்ல ஆட்கள் இருந்ததுதான் காரணம்.

1978இல் வந்த 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பையும் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தவறென்று தள்ளிவிட்டது. ஆகவே எந்த ஆட்சி எப்படி நடந்தாலும் ஆட்கொணர்வு மனு என்ற கதவு இன்று சட்டப்படி திறந்தே இருக்கிறது. கையில் என்ன எடுத்துக்கொண்டு அந்தக் கதவுக்குப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். பார்த்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கதை பேசுவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். கூடிப் பேசிவிட்டு எழுதினால் எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லிக்கொடுத்து எழுதியது என்று நீதிமன்றத்தில் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்கள். என்ன எழுதுவது? நேரம், உத்தேசமாக இருந்தாலும் 'இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதிக் கால் மணி நேரம் இருக்கும்' என்பது போல ஒரு அடையாளத்தோடு. இடம், எந்தக் கடை முன்னால், எந்தத் திசையைப் பார்த்து வண்டி நின்றது. வண்டியின் நிறம், வகை, எண். முழு எண் தெரியாவிட்டால் கடைசி இரண்டு எண்ணாவது, டி.என். வண்டியா கே.எல். வண்டியா என்றாவது. வந்தவர்கள் தமிழ் பேசினார்களா, மலையாளமா, யார் யாரை 'சார்' என்றார்கள், பூட்ஸ் என்ன நிறம், முடி எப்படி வெட்டியிருந்தது, கையில் வயர்லெஸ் இருந்ததா. பிடிபட்டவர் என்ன சட்டை போட்டிருந்தார், அவருடைய செல்போனை யார் வாங்கினார்கள். கீழே தேதி, நேரம், கையெழுத்து. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு தவறான வண்டி எண் போதும், மற்ற பத்து உண்மையும் அடிபட்டுப் போகும்.

யாராவது செல்போனில் படமெடுத்திருந்தால் அந்தப் போனிலிருந்து அசல் கோப்பை அழிக்கவே கூடாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அல்லது பென்டிரைவில் நகலெடுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். படமெடுத்தவர் யார், எந்தப் போன் என்று அதில் வரும். யாரோ அனுப்பியது என்றால் அந்தச் சான்றிதழை யாராலும் தர முடியாது.

அடுத்தது புகார். பிடிபட்ட இடம் எந்த நிலைய எல்லையோ அங்கே போவது நல்லது. எல்லை எது என்று தகராறு வந்தால் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. தனியாகப் போகக் கூடாது. குறைந்தது மூன்று பேர், முடிந்தால் ஒரு வழக்கறிஞரோ பஞ்சாயத்து உறுப்பினரோ சேர்ந்து போகலாம். தமிழ்நாட்டில் எப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கேரளத்தில் மனுவைப் பெற்றதற்கான ரசீதையும் அதன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எத்தனை மணிக்கு யார் மறுத்தார் என்று குறித்துக்கொண்டு, அதே மனுவை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால் அதே சன்ஹிதாவின் 175ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

மிகப் பெரிய கோட்டை விடுதல் நடப்பது இந்த இடத்தில்தான். நிலையத்தில் இருப்பவர், 'பிடிச்சிட்டுப் போனாங்கன்னு எழுதாதீங்க, யாருன்னு உங்களுக்கே தெரியாது, காணோம்னு எழுதுங்க, உடனே தேடுறோம்' என்பார். கேட்க நியாயமாகத் தோன்றும். அப்படி எழுதிக் கொடுத்தால் காணாமல் போனவர் வழக்காகப் பதிவாகும். பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனால், 'மனுதாரர்களே காணவில்லை என்றுதான் சொல்கிறார்கள், சட்டவிரோதக் காவல் என்று குற்றச்சாட்டே இல்லை, தேடிவருகிறோம்' என்று அரசு வழக்கறிஞர் அந்தப் புகாரையே எடுத்து நீட்டுவார். ஆட்கொணர்வு மனு சட்டவிரோதக் காவலுக்கு எதிரானது. சும்மா காணாமல் போனவரைத் தேடித்தரும் வழி இதுவல்ல என்று மனு தள்ளுபடியாகும். ஆகவே முதல் புகாரின் முதல் வரியிலேயே இப்படி இருக்க வேண்டும்: 'இன்று மாலை சுமார் 6 மணிக்கு இன்ன கடை முன்பிருந்து, சாதாரண உடையில் இருந்த நான்கு பேர், தங்களைப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, இன்னாரை அவர் விருப்பத்துக்கு மாறாக வண்டியில் ஏற்றிச் சென்றனர், அதன்பின் அவரைப் பற்றித் தகவல் இல்லை.' போலீஸ் என்று அவர்கள் சொல்லவில்லை என்றால் அந்தச் சொற்களை விட்டுவிடுங்கள். வேறு கும்பல் கடத்தியிருந்தாலும் இந்தப் புகார் அப்படியே செல்லும்.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். கேரள நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தர் மலையாளத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். பேச மலையாளம் தெரிந்தாலும் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட மேலானது, தமிழில் நம் கைப்பட எழுதிய மனுவைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குவது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. தமிழர்கள் வாழும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் இதைச் சொல்லிக் கேட்க வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

நிலையத்துக்கு ஆட்கள் போகும்போதே, மற்ற இருவர் மேலே தகவல் அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் இதற்குத் தந்தி இருந்தது. உள்துறைச் செயலாளர், தலைமை நீதிபதி, எஸ்.பி. என்று நாலு தந்தி கொடுத்தால் அஞ்சலகத்தின் நேர முத்திரை சாட்சியாக நிற்கும்; எத்தனையோ வழக்குகளில் அந்த ஒரு துண்டுக் காகிதம் உயிரைக் காத்திருக்கிறது. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்திவிட்டார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது மின்னஞ்சல். இரண்டு மாநிலக் காவல் துறைத் தலைவர்கள், இரண்டு பக்கத்து மாவட்ட எஸ்.பி.க்கள், ஆட்சியர்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆகிய எல்லோருக்கும் ஒரே கடிதம், ஒரே நேரத்தில், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியும்படி. மறுநாள் காலை அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 112க்கு அழைத்தால் அழைத்த நேரமும் பேச்சும் பதிவாகும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேட்க வேண்டியதையும் சரியாகக் கேட்க வேண்டும். 'எங்க ஆளு எங்க சார்?' என்று கேட்டால் 'தெரியாது' என்று முடிந்துவிடும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைது நடைமுறை பற்றி உச்ச நீதிமன்றம் தந்த கட்டளைகள் இப்போது சன்ஹிதாவின் பிரிவுகளாகவே இருக்கின்றன. 36ஆம் பிரிவுப்படி கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 37ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் நிலையத்திலும் கைதானவர்கள் விவரத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி உண்டு. விவரத்தைப் பலகையில் போட வேண்டும். 48ஆம் பிரிவுப்படி தகவல் சொல்ல வேண்டியது உறவினருக்கு மட்டுமில்லை. கைதானவர் பெயர் சொன்னால் நண்பருக்கும் உண்டு. ஆகவே, 'இந்த மாவட்டத்தின் 37ஆம் பிரிவுப் பொறுப்பு அதிகாரி யார்? இன்ன நேரத்துக்குப் பிறகு இந்தப் பெயரில் கைது பதிவாகியிருக்கிறதா, இல்லையா?' என்று கேளுங்கள். 'இல்லை' என்ற பதிலையும் பெயர், நேரத்தோடு குறித்துவையுங்கள். நாளைக்கு 'அன்றே கைது செய்தோம்' என்று காகிதம் வந்தால் இந்த 'இல்லை' பேசும்.

வேறு மாநிலப் போலீஸ் பிடியாணையோடு வந்து அழைத்துப் போயிருந்தால் சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு எல்லையோரத்துக்காகவே எழுதியது போல இருக்கிறது. ஆணை பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இல்லாதபோது, பொதுவாகப் பிடித்த இடத்து மாஜிஸ்திரேட் முன்போ எஸ்.பி. முன்போ கொண்டுபோக வேண்டும். கைதானவர் வசிக்கும் மாவட்டத்தின் பொறுப்பு அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும். அது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திர எல்லையைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. காட்டில் நடந்த மோதல் என்றது அரசுத் தரப்பு. பயணத்தின் நடுவிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னவர்கள் தப்பி வந்த கூட்டாளிகள். அந்தக் குரல்களும் வெளியே வந்தது சாவு விழுந்த பிறகுதான்.

கேமரா விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கடைகளின் கேமராப் பதிவு பல இடங்களில் 15 நாளிலோ ஒரு மாதத்திலோ தானாக மேலெழுதப்பட்டு அழியும். அன்று மாலையே தேநீர்க் கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம். எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்து, உரிமையாளர்களுக்குப் பதிவைப் பாதுகாத்துவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வண்டி வாளையாறு வழியாகப் போயிருந்தால் பாம்பாம்பள்ளம் சுங்கச் சாவடியில் கேமராவும் பாஸ்டேக் பதிவும் இருக்கும். நம்மிடம் தர மாட்டார்கள், ஆனால் 'பாதுகாத்து வையுங்கள்' என்ற கடிதம் போயிருந்தால் பிறகு நீதிமன்றம் கேட்கும்போது அழிந்துவிட்டது என்று சொல்வது கடினம். காவல் நிலையக் கேமராவும் அப்படித்தான். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், வன்தட்டில் இடமிருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். உத்தரவு இருக்கிறது என்று நம்பிச் சும்மா இருக்க வேண்டாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறோம்.

வேலைத்தலத்துப் பதிவேடு பற்றி யாரும் யோசிப்பதில்லை. நுழைவாயில் பதிவேட்டில் வெளியே போன நேரம் இருக்கும். வருகைப் பதிவேட்டிலோ கைரேகைக் கருவியிலோ அன்று அவர் வேலைக்கு வந்தது இருக்கும். அன்றே அந்தப் பக்கத்தைப் படமெடுங்கள். சில நாள் கழித்து நிர்வாகம் 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று எழுதி நோட்டீஸ் அனுப்பும். அது வேலையைப் பறிப்பதோடு நிற்காது. தானாக ஓடிப்போனவர் என்பதற்கு அரசுத் தரப்பு காட்டும் ஆதாரமாகவும் ஆகும். அதனால் அவர் வராததன் காரணத்தைப் புகார் எண்ணோடு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். பாக்கிச் சம்பளத்தை வீட்டாரிடம் கொடுக்கவும் அதிலேயே கேட்டுவிடலாம்.

உயர் நீதிமன்றத்துக்கு எப்போது? 24 மணி நேரம் தாண்டி, எந்த மாஜிஸ்திரேட் முன்பும் நிறுத்தவில்லை என்று தெரிந்ததும். மனுவை வீட்டார்தான் போட வேண்டும் என்றில்லை. உடன் வேலை செய்பவரும் போடலாம். வீட்டாரை மிரட்டி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கும் சூழலில் அதுவே பாதுகாப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவுப்படி சம்பவத்தின் ஒரு பகுதி நடந்த இடத்து உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. பாலக்காட்டில் பிடித்தால் எர்ணாகுளம். கோவை மாவட்டத்தில் பிடித்தால் சென்னை. போடி, கம்பம், செங்கோட்டைப் பக்கம் என்றால் மதுரைக் கிளை. எதிர்மனுதாரர்களில் இரண்டு மாநிலக் காவல் துறையையும் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டால், 'எங்களிடம் இல்லை, அவர்களிடம் இருக்கலாம்' என்று சொல்லி ஒரு வாரத்தைத் தின்றுவிடுவார்கள். கூடவே நிலைய நாட்குறிப்பையும் கேமராப் பதிவையும் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஒரு துணை மனு. 'விசாரணைக்கு அழைத்தோம், அன்றே அனுப்பிவிட்டோம்' என்பதுதான் வழக்கமான பதில். அனுப்பிய நேரம் அந்த நாட்குறிப்பில் இருந்தாக வேண்டும்.

ரிமாண்ட் உத்தரவோடு ஆளைக் காட்டிவிட்டால் ஆட்கொணர்வு மனு பெரும்பாலும் முடிந்துபோகும். அதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஆள் உயிரோடு, கணக்கில் வந்துவிட்டார். அந்த நேரத்தில் சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வழக்கறிஞர் அங்கே நிற்க வேண்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டம், தமிழ்நாட்டின் குண்டர் சட்டம், கேரளத்தின் காப்பா போன்ற தடுப்புக் காவல் என்றால் 24 மணி நேர விதி பொருந்தாது. காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்ற விதி அப்போதும் உண்டு.

இனி வெளியில் பேசுவது. வீட்டாரின் சம்மதம் இல்லாமல் சுவரொட்டியும் வேண்டாம், முகநூலும் வேண்டாம். சம்மதம் கிடைத்ததும், ஒருவர் பேரில் பேசாமல் பலர் கையெழுத்தோடு பேசுங்கள். இருபது பேர் கையெழுத்துப் போட்ட அறிக்கையில் யாரைக் குறிவைப்பது என்று தெரியாது. ஒருவர் மட்டும் பேசினால் அடுத்தது அவர்தான். பெயர், வயது, வேலை, பிடித்த நேரம், இடம், இதுவரை எங்கெங்கே மனு கொடுத்தோம் என்பவை போதும். அவர் எந்தக் கட்சி, யாரோடு பழகினார், முன்பு எந்தப் போராட்டத்துக்குப் போனார் என்பதை நல்லது நினைத்துப் பாராட்டாகக்கூட எழுதாதீர்கள். விசாரிப்பவர்களுக்கு நாமே குறிப்பெடுத்துக் கொடுத்தது போலாகும். பயத்தில் அவரோடு பேசிய செய்திகளை அழிப்பதும் தவறு. தடயத்தை அழித்தோம் என்று நம் மேலேயே வழக்கு வரும். 'அம்பதாயிரம் கொடுத்தா இன்னைக்கே வெளிய வந்துருவான்' என்று வருகிற இடைத்தரகரை நம்பாதீர்கள். அவன் பேசிய எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனித உரிமை ஆணையங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநில ஆணையம் எடுத்த புகாரைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. இரண்டுக்கும் அனுப்பினால் ஒன்று மற்றதைக் காட்டி மூடிவிடும். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 7(1)ஆம் பிரிவு, உயிர், சுதந்திரம் பற்றிய தகவலை 48 மணி நேரத்தில் தரச் சொல்கிறது. மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிட்டு, தனிநபர் பெயரில் அனுப்ப வேண்டும். சங்க லெட்டர்பேடில் போனால் 'குடிமகன் அல்ல' என்று திருப்புவார்கள். ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் பணிக்குழுவுக்கும் எழுதலாம். மூன்று மாதத்துக்குள் நடந்தது என்றால் அவசரமாக எடுப்பார்கள். அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 2007இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. நம் சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு குற்றமே தனியாக இல்லை. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது, காணாமல் போனோருக்கான அலுவலகம் அமைக்கச் சட்டமும் போட்டது. ஆனாலும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. ஆட்களை வெள்ளை வேனில் தூக்கிப்போன காலத்தில் கண்ணால் கண்ட அக்கம்பக்கத்தார் பேச முடியாமல் போனதன் விலையை அந்தத் தாய்மார்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு முறை வேறு. அங்கே ஒரு சமூக ஊடகப் பதிவுக்காக அறைத்தோழர் பிடிபட்டால், அங்கிருந்தே சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம். எழுதியவரும் சேர்ந்து காணாமல் போவார். கடவுச்சீட்டு எண், விசா நகல், முதலாளி பெயர், கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றை ஊருக்கு அனுப்புங்கள். ஊரிலிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிந்து, வெளிநாடுவாழ் கேரளத்தாருக்கான நோர்க்காவுக்கோ தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத் துறைக்கோ எழுத வேண்டும். 1963 வியன்னா உடன்படிக்கைப்படி, பிடிபட்டவர் கேட்டால்தான் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை வருகிறது. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே தூதரகம் தானாகப் போய்க் கேட்கும்படி நாம் நெருக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட செய்தி வரும்போது, புகாரில் உள்ள நேரம், இடம், வண்டி ஆகிய மூன்றையும் விடாமல் போடுங்கள். 'காவல் துறை மறுப்பு' என்றால் மறுத்த அதிகாரியின் பதவியையும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். தேதியிட்ட அந்த நாளிதழ் நறுக்கு மனுவோடு இணைக்கப்படும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். கோவைப் பதிப்பில் வந்தது பாலக்காட்டுப் பதிப்பிலும் வரட்டும். பிடித்தது ஒரு பதிப்பின் ஊர், தேடுவது இன்னொரு பதிப்பின் ஊர் என்பதால், இரண்டு பக்கமும் படித்தவர்கள் இருந்தால்தான் வண்டியைப் பார்த்த இன்னொருவர் முன்வருவார்.

இப்படிக்கு,
எல்லையோரச் சட்ட உதவிப் பணியில் உள்ள வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத்தாரும்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.